நிர்வாகத்தோடு தகராறு: குறைதீர்ப்பாளரா, ஊழியர் சங்கமா, தீர்ப்பாயமா?

சர்வதேச அமைப்புகளில் வேலை பார்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஆளுக்கு ஆள் வேறு மாதிரி தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. நைரோபியில் ஐ.நா. செயலகத்தின் கீழ் பணிபுரியும் ஒருவருக்கு அக்டோபர் 14 அன்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. டிசம்பர் 31 உடன் முடியும் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதாம். ஜெனீவாவில், ஐ.நா. குடையின் கீழ் தனியாக இயங்கும் சிறப்பு நிறுவனம் ஒன்றில் இருப்பவருக்கு வேறு கவலை. சம்பளத்தோடு வரும் ஒரு படியைக் குறைத்துச் சுற்றறிக்கை வந்திருக்கிறது, அலுவலகம் முழுவதும் கொதிக்கிறது. மூன்றாமவர் ஆலோசகர் ஒப்பந்தத்தில் இருப்பவர். மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பார்த்துக் கத்துகிறார். "யாரிடம் போவது?" என்பதுதான் மூவரும் கேட்பது.

வேறு வேலையில் இருப்பவர் என்றால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இங்கே அந்தப் பாதை ஏறக்குறைய அடைபட்டது. 1946ஆம் ஆண்டின் ஐ.நா. சிறப்புரிமைகள், விலக்குரிமைகள் உடன்படிக்கையும், சிறப்பு நிறுவனங்களுக்கான 1947ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இந்த அமைப்புகளை எந்த நாட்டு நீதிமன்றமும் விசாரிக்க முடியாத இடத்தில் வைத்துவிட்டன. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் ஊழியர் சங்கம் இதை ஹேகில் சோதித்துப் பார்த்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு கையில் இருந்தும் அதை நிறைவேற்ற நெதர்லாந்து அரசே இடம் கொடுக்கவில்லை. 2017 ஜனவரியில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் விலக்குரிமையை உறுதிசெய்து கதையை முடித்தது. ஆகவே வெளி நீதிமன்றம் என்ற யோசனையை இந்தப் பத்தியோடு விட்டுவிடலாம்.

உள்ளே மூன்று கதவுகள் இருக்கின்றன: குறைதீர்ப்பாளர், ஊழியர் சங்கம், அமைப்புக்கே உரிய தீர்ப்பாயம். நான் வழக்கறிஞன் அல்ல. ஓர் அமைப்பின் ஊழியர் மன்றத்தில் சில ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினராக இருந்தவன். அதனால் சங்கத்தின் பக்கம் சாய்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது நியாயமே. ஆனால் சங்கத்தின் குறைகளைத்தான் நான் அதிகம் அறிவேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. வேலை வேண்டுமா, பணம் வேண்டுமா, விதி மாற வேண்டுமா, மேலதிகாரி மரியாதையாகப் பேசினால் போதுமா? இதற்கு நேர்மையாக விடை சொல்லாமல் கதவைத் தட்டியவர்கள்தான், வென்ற பிறகும் தோற்ற முகத்தோடு திரிவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, உங்களைக் காயப்படுத்தியது ஒரு முடிவா, ஒரு விதியா, ஒரு மனிதரா? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது ஒரு முடிவு. படியைக் குறைத்த சுற்றறிக்கை ஒரு விதி. கத்துவது ஒரு மனிதர். தீர்ப்பாயங்களுக்குப் புரிவது முதலாவது மட்டும்தான். குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி நிர்வாகம் ஒருதரப்பாக எடுத்து, அவருடைய உரிமைகளை நேரடியாகப் பாதிக்கும் முடிவு என்று நீங்கள் காட்ட வேண்டும். பொதுவான கொள்கை பிடிக்கவில்லை என்று அங்கே போய் நிற்க முடியாது.

மூன்றாவது காலக்கெடு. நான்காவது, யார் யாருக்கு விஷயம் தெரியவரும் என்பது. ஐந்தாவது, பணமாகவும் பணமல்லாமலும் ஆகும் செலவு.

ஆறாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும், பலர் அதைக் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள்: உங்களுக்கு உள்ளே நுழையத் தகுதி இருக்கிறதா? நியமனக் கடிதம் பெற்ற ஊழியருக்கும், ஆலோசகர், தனிநபர் ஒப்பந்ததாரர், பயிற்சியாளர், தன்னார்வலர் ஆகியோருக்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. பத்தாண்டுகள் அதே மேசையில் உட்கார்ந்திருந்தாலும் ஆலோசகருக்கு, ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் ஐ.நா. பிணக்குத் தீர்ப்பாயம் திறக்காது. அவருடைய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நடுவர் தீர்ப்பு முறைதான் அவருக்குச் சட்டவழி. அது செலவு மிக்கது, நடைமுறையில் அபூர்வமானது. எனவே நம் மூன்றாமவருக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம். துன்புறுத்தல் பற்றிய புகாரை ஐ.நா. செயலகத்தில் ஊழியரல்லாதவரும் கொடுக்கலாம், கொடுத்தால் அதைப் பரிசீலிக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. தீர்ப்பாயக் கனவை விட்டுவிட்டு, எந்தத் தேதியில், யார் முன்னிலையில், என்ன வார்த்தைகள் என்று எழுதிவைக்கத் தொடங்குங்கள்.

## குறைதீர்ப்பாளர்: சத்தமில்லாத கதவு

ஓம்புட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஐ.நா.வில் 2002 முதல் இயங்குகிறது. மத்தியஸ்தமும் இப்போது அதன் வேலைதான். நடுநிலை, ரகசியம், சுதந்திரம், முறைசாராத் தன்மை என்ற நான்கு தூண்கள் அதற்கு. அவர் யாருக்கும் உத்தரவிட முடியாது, எந்த முடிவையும் ரத்து செய்ய முடியாது. உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் மேலதிகாரியிடம் பேசவும் மாட்டார். அங்கே சொன்னதையும், அதற்காகத் தயாரித்த காகிதத்தையும் பின்னர் தீர்ப்பாயத்தில் யாரும் ஆதாரமாக நீட்ட முடியாது.

அதிகாரமே இல்லாதவரிடம் போய் என்ன பயன் என்று நானும் ஒரு காலத்தில் கேட்டேன். பிறகு ஒரு சக ஊழியரின் விஷயத்தில் கண்ணால் பார்த்தேன். பகுதிநேரத் தொலைப்பணி கேட்ட அவருடைய விண்ணப்பம் 7 மாதங்கள் கிடப்பில் இருந்தது. மேலதிகாரி வன்மம் வைத்திருக்கிறார் என்று அவர் உறுதியாக நம்பினார். குறைதீர்ப்பாளர் இருவரையும் உட்காரவைத்துப் பேசிய ஒரு மணி நேரத்தில் தெரிந்தது, விண்ணப்பம் வேறொருவர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று மேலதிகாரி நினைத்துக்கொண்டிருந்தார். சங்கம் தலையிட்டிருந்தால் இது ஒரு போராட்டமாகியிருக்கும், தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தால் வழக்கு எண்ணாகியிருக்கும்.

மத்தியஸ்தத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானால் அதற்குப் பல் உண்டு. நிர்வாகம் நிறைவேற்றாவிட்டால் அதை நிறைவேற்றக் கோரிப் பிணக்குத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதே சமயம் கையெழுத்துப் போட்ட பிறகு மூலத் தகராறை அங்கே மறுபடி கிளப்ப முடியாது. கையெழுத்துக்கு முன் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பெரியது. கடிகாரம். குறைதீர்ப்பாளரைச் சந்தித்ததாலேயே காலக்கெடு நின்றுவிடாது. முறைசாராப் பேச்சு நடக்கும்போது நிர்வாகம் கெடுவை நீட்டிக்கலாம் என்று ஐ.நா. பணியாளர் விதி சொல்கிறது. அந்த நீட்டிப்பு எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். "பேசிக்கொண்டிருக்கிறோம், பார்க்கலாம்" என்ற கனிவான மின்னஞ்சல் நீட்டிப்பு ஆகாது. இந்தக் கனிவுக்குப் பலியான நல்ல வழக்குகள் பல.

இது சிறந்த தேர்வாவது, அதே மேலதிகாரியோடு இன்னும் மூன்று ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு. மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு வரி, விடுப்பு மறுப்பு, வேலைப் பங்கீடு, குழுவுக்குள் பேச்சுவார்த்தை முறிவு போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தவறானது எப்போது என்றால், உங்களுக்குத் தேவைப்படுவது எல்லோருக்கும் பொருந்தும் முன்மாதிரித் தீர்ப்பு என்கிறபோது. ரகசியமாகத் தீர்ந்த பிரச்சினை அடுத்தவருக்கு எதையும் கற்றுத் தராது.

## ஊழியர் சங்கம்: பலர் சேர்ந்து தட்டும் கதவு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகங்களில் ஊழியர் குழு வேறு, தொழிற்சங்கம் வேறு. ஊழியர் குழு பணியாளர் சட்டவிதிகளின் 9ஆம் பிரிவு உருவாக்கிய, எல்லா ஊழியரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சட்டபூர்வ அமைப்பு. கூட்டுக் குழுக்களுக்கு ஆள் அனுப்புவது அதுதான். தொழிற்சங்கம் சந்தா கட்டிச் சேரும் தன்னார்வச் சங்கம். ஐ.நா.விலோ பணியாளர் விதிமுறை 8இன் கீழ் வரும் ஊழியர் மன்றம் இரண்டு வேடத்தையும் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறது. இவற்றுக்கு மேலே அமைப்புகளைக் கடந்த கூட்டமைப்புகள் இருக்கின்றன: ஃபிக்சா 1952இலும், சிசிசுவா 1982இலும் தோன்றியவை, யூனிசெர்வ் அவற்றுக்குப் பின் வந்தது. சம்பள முறையைக் கவனிக்கும் 15 உறுப்பினர் கொண்ட சர்வதேசக் குடிமைப் பணி ஆணையத்தின் முன் ஊழியர் தரப்பைப் பேசுவது இவைதான்.

நல்ல சங்கம் மூன்று காரியங்களைச் செய்யும். உங்களுக்கு நடந்தது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல என்பதைக் கண்டுபிடிக்கும். விதி எழுதப்படும் முன்பே கலந்தாலோசனைக் கூட்டத்தில் அதன் வாலைப் பிடிக்கும். வழக்காடத் துணியும் ஊழியருக்குப் பணமும் வழக்கறிஞரும் ஏற்பாடு செய்து தரும்.

செய்ய முடியாதது எது தெரியுமா? வழக்குப் போடுவது. ஐ.நா. பிணக்குத் தீர்ப்பாயத்தில் சங்கம் தன் பெயரில் மனுத் தாக்கல் செய்ய முடியாது. நீதிமன்றத்தின் நண்பராக ஒரு கருத்துரை தாக்கல் செய்ய அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். மனுவில் இருக்க வேண்டியது ஒரு தனி ஊழியரின் பெயர். ஆகவே "சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள், கெடு முடிந்த பிறகு சங்கத்தைத் திட்டுவார்கள். நானும் அந்தத் திட்டுகளை வாங்கியவன்.

ஜெனீவா நண்பருக்கு உதவக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2017இல் சர்வதேசக் குடிமைப் பணி ஆணையம் ஜெனீவாவுக்கான இடப்படியை, அதாவது அகவிலைப்படி போல நகரத்தின் வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப மாறும் படியை, குறைத்தது. ஜெனீவாவில் அந்த ஆணையத்தின் சம்பள முறையைப் பின்பற்றும் அமைப்புகளில் உயர்நிலைப் பணியாளர்களின் சம்பளம் இறங்கியது. சங்கங்கள் கணக்குமுறையைத் தோண்டின, கூட்டம் கூட்டின, வேலைநிறுத்தமும் நடந்தது. சட்டப் பக்கத்தில் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். பொதுமுடிவை எதிர்க்காமல், அது தனி ஊழியரின் சம்பளச் சீட்டில் இறங்கிய தருணத்தைப் பிடித்தார்கள். சம்பளச் சீட்டு ஒரு தனிப்பட்ட முடிவு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிர்வாகத் தீர்ப்பாயம் 2019 ஜூலை 3 அன்று 4134 முதல் 4138 வரையான தீர்ப்புகளில், படியின் அளவைத் தானே முடிவுசெய்ய ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிக் குறைப்பை ரத்து செய்தது.

இதே படிக்குறைப்பை எதிர்த்து ஐ.நா. செயலக ஊழியர்களும் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்குரிய தீர்ப்பாயம் வேறு. அங்கே தோற்றார்கள், 2021இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். ஒரே நகரம், ஒரே ஆணையம், ஒரே குறைப்பு. ஆனால் எந்தக் கட்டடத்தில் வேலை என்பதைப் பொறுத்துச் சம்பளம் வேறு. பிறகு 2022 இறுதியில் ஐ.நா. பொதுச்சபை ஆணையத்தின் சட்டவிதியையே திருத்தி அதன் அதிகாரத்தை உறுதிப்படுத்திவிட்டது. தீர்ப்பில் வென்றதை விதிதிருத்தத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பதைச் சங்கங்கள் கற்றுக்கொண்ட இடம் அது.

மறைமுகச் செலவுகள் இங்கே பல. உங்கள் பிரச்சினை சங்கத்தின் கையில் போனதும் அது கொஞ்சம் சங்கத்தின் பிரச்சினையாகவும் ஆகிவிடும். தேர்தல் நெருங்கும்போது உங்களைவிட உங்கள் கதை அதிகம் பயன்படும். குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு இருக்கும் ரகசியப் பாதுகாப்பு சங்கப் பிரதிநிதிக்கு அதே அளவில் இல்லை, அவர் வாய் மூடியிருப்பது அவருடைய குணத்தைப் பொறுத்தது. அவரும் உங்களைப் போலவே ஒப்பந்தப் புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் ஊழியராக இருக்கலாம். எங்கள் மன்றத்தில் மிகத் துணிச்சலாகப் பேசியவர்கள் பெரும்பாலும் ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்தவர்கள். அது தற்செயல் அல்ல.

## தீர்ப்பாயம்: முறையான கதவு

ஐ.நா. 1949இல் தன் நிர்வாகத் தீர்ப்பாயத்தை அமைத்தது. அதன் தீர்ப்புகள் பொதுச்சபையையே கட்டுப்படுத்தும் என்று 1954இல் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொன்னது. 2009 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் ஈரடுக்கு முறை வந்தது: நியூயார்க், ஜெனீவா, நைரோபி ஆகிய மூன்று இடங்களில் அமரும் பிணக்குத் தீர்ப்பாயம், அதற்கு மேல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். சிறப்பு நிறுவனங்கள் பலவும், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் போன்ற வேறு அமைப்புகளும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தீர்ப்பாயத்தை ஏற்றிருக்கின்றன. உலக நாடுகள் சங்கம் 1927இல் தொடங்கியதன் வாரிசு அது. ஐரோப்பிய ஒன்றிய ஊழியர்களுக்கு லக்சம்பர்க்கில் உள்ள பொது நீதிமன்றம். நீங்கள் தேர்ந்தெடுப்பதற்கில்லை, உங்கள் அமைப்பு எதை ஏற்றிருக்கிறதோ அதுதான்.

காலக்கெடுகளைப் பாருங்கள். ஐ.நா.வில் முடிவு தெரிந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மேலாண்மை மதிப்பாய்வு, அதாவது நிர்வாகமே தன் முடிவைத் திரும்பப் பார்ப்பது, கேட்க வேண்டும். நியூயார்க்கில் பணிபுரிபவருக்கு 30 நாட்களிலும் மற்ற இடங்களில் 45 நாட்களிலும் பதில் வர வேண்டும். பதில் வந்ததிலிருந்தோ, வராமல் கெடு முடிந்ததிலிருந்தோ 90 நாட்களுக்குள் பிணக்குத் தீர்ப்பாயம். மேல்முறையீட்டுக்கு 60 நாட்கள். எல்லாம் நாட்காட்டி நாட்கள். என் சக ஊழியர் ஒருவர், ஆதாரம் கை நிறைய வைத்திருந்தவர், அதை வேலைநாட்கள் என்று எண்ணிக்கொண்டார். அவருடைய மனுவின் தகுதியைப் பற்றி யாரும் ஒரு வரி கூடப் பேசவில்லை. மேலாண்மை மதிப்பாய்வுக்கான கெடுவைத் தளர்த்தத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை என்று அதன் சட்டவிதி சொல்கிறது. அதே முடிவை மறுபடி மறுபடி கேட்டு, மறுபடி மறுபடி மறுப்பு வாங்கினால் கடிகாரம் புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். முதல் மறுப்புதான் கணக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் புகாருக்கு 3 மாதம், நிர்வாகத்தின் பதிலுக்கு 4 மாதம், நீதிமன்றத்துக்கு மறுபடி 3 மாதம். தொழிலாளர் அமைப்பின் தீர்ப்பாயத்தில் உள்முறையீடுகள் எல்லாவற்றையும் முடித்த பிறகு 90 நாட்கள். அந்த உள்முறையீடே சில அமைப்புகளில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

வென்றால் என்ன கிடைக்கும்? பலரை ஏமாற்றும் இடம் இது. ஐ.நா. பிணக்குத் தீர்ப்பாயம் முடிவை ரத்து செய்யலாம். ஆனால் அது நியமனம், பதவி உயர்வு, பணிநீக்கம் பற்றிய முடிவாக இருந்தால், ரத்துக்குப் பதிலாக நிர்வாகம் கட்டக்கூடிய தொகை ஒன்றையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். எதைச் செய்வது என்பது நிர்வாகத்தின் விருப்பம். நாற்காலியைக் கேட்டுப் போனவருக்குக் காசோலை வரும். அந்தத் தொகையும் பொதுவாக இரண்டு ஆண்டு நிகர அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டாது. விதிவிலக்கான வழக்குகளில் மட்டுமே கூடும். தண்டனை இழப்பீடு என்பது கிடையாது. மன உளைச்சலுக்கு இழப்பீடு வேண்டுமானால் உளைச்சல் இருந்ததை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். மருத்துவரைப் பார்த்த சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

நிரூபிக்கும் சுமையும் லேசானதல்ல. தேர்வு, பதவி உயர்வு வழக்குகளில் நிர்வாகம் உங்களை முறையாகப் பரிசீலித்ததாக மிகக் குறைந்த அளவில் காட்டினாலே போதும். அதன் பிறகு அது பொய் என்று தெளிவாக நிரூபிப்பது உங்கள் வேலை. குறித்தகால ஒப்பந்தம் புதுப்பிப்புக்கு எந்த உரிமையையும் தராது என்று விதியே சொல்கிறது. ஆனாலும் ஒரு பிடி உண்டு. ஊழியர் கேட்டால் புதுப்பிக்காததற்குக் காரணம் சொல்ல நிர்வாகம் கடமைப்பட்டது என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2012இல் தீர்ப்பளித்தது. சொன்ன காரணம் உண்மையாகவும் இருக்க வேண்டும். நிதி இல்லை என்று சொல்லிவிட்டு அதே வேலைக்கு வேறொருவரை எடுத்தால் அங்கே வழக்கு பிறக்கிறது.

செலவுக் கணக்கு அமைப்புக்கு அமைப்பு மாறும். ஐ.நா.வில் ஊழியர் சட்ட உதவி அலுவலகம் இலவசம். நிகர அடிப்படைச் சம்பளத்தில் அதிகபட்சம் 0.05 சதவீதப் பிடித்தம் அதற்குத் துணை நிதி. பிடித்தம் வேண்டாம் என்று விலகிக்கொள்ளவும் முடியும், பலர் அப்படிச் சில காசுகளை மிச்சம் பிடிக்கிறார்கள், எனக்குப் புரியாத சிக்கனம் அது. எல்லா வழக்கையும் அந்த அலுவலகம் ஏற்று நடத்தாது, ஆனால் உங்கள் வழக்கு தேறாது என்று அவர்கள் சொன்னால் அந்த ஆலோசனைக்கே பெரிய மதிப்பு உண்டு. லக்சம்பர்க்கில் வழக்கறிஞர் கட்டாயம், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம்.

பணமல்லாத செலவில் முதலாவது பெயர். பிணக்குத் தீர்ப்பாயத்தின் தீர்ப்புகள் ஊழியரின் பெயரோடு வெளியானதே நெடுங்கால வழக்கம். மறைக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்டதெல்லாம் கிடைக்காது. அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் பெயரைத் தேடுபவர் அந்தத் தீர்ப்பைப் படிப்பார். இரண்டாவது, காலம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2013இல் கொண்டுவந்த வேலைநிறுத்தக் கட்டுப்பாடுகள் சங்க உரிமையை மீறுவதாகத் தொழிலாளர் அமைப்பின் தீர்ப்பாயம் சொன்னது 2021 ஜூலை 7 அன்று. 8 ஆண்டுகள். நீதி கிடைத்தது, உண்மைதான். ஆனால் போராட நினைத்த ஆண்டுகள் திரும்பி வரவில்லை. மூன்றாவது, பழிவாங்கல் பாதுகாப்பு பற்றிய தவறான நம்பிக்கை. ஐ.நா.வின் நெறிமுறை அலுவலகம் தரும் அந்தப் பாதுகாப்பு, முறைகேட்டைப் புகாரளித்தவருக்கும் விசாரணைக்கோ தணிக்கைக்கோ ஒத்துழைத்தவருக்கும் உரியது. சொந்தக் குறைக்காக வழக்காடுபவருக்கு அது தானாக வராது.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | குறைதீர்ப்பாளர் | ஊழியர் சங்கம் | தீர்ப்பாயம் |
|---|---|---|---|
| கிடைக்கக்கூடியது | சமரசம், தெளிவு, சில நேரம் எழுத்து ஒப்பந்தம் | விதிமாற்றம், துணை, வழக்குச் செலவு | ரத்து அல்லது இழப்பீடு |
| எதற்குப் பொருந்தும் | மனிதர்களுக்கு இடையிலான உரசல் | பலரைப் பாதிக்கும் விதி | ஒருவரைப் பற்றிய முடிவு |
| வேகம் | நாட்கள், வாரங்கள் | மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் | பெரும்பாலும் ஆண்டுகள் |
| ரகசியம் | மிக வலுவானது | ஆளைப் பொறுத்தது | தீர்ப்பு வெளியாகும் |
| கட்டுப்படுத்தும் அதிகாரம் | இல்லை | இல்லை | உண்டு |
| மறைமுகச் செலவு | கெடு ஓடிவிடும் | பிரச்சினை உங்கள் கையை விட்டுப் போகும் | பெயர், உறக்கம், உறவுகள் |
| ஊழியரல்லாதவருக்கு | பல இடங்களில் திறந்திருக்கும் | அமைப்பைப் பொறுத்தது | பெரும்பாலும் மூடியிருக்கும் |

அட்டவணையைப் பார்த்தால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தோன்றும். நடைமுறையில் கேள்வி வரிசையைப் பற்றியது. மேலாண்மை மதிப்பாய்வு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குறைதீர்ப்பாளரிடம் பேசுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் எழுத்தில் நீட்டிப்பு இல்லாமல் குறைதீர்ப்பாளரிடம் மூன்று மாதம் பேசிவிட்டு மதிப்பாய்வு கேட்க முடியாது.

நான்காவதாக விலகிப் போவதும் ஒரு வழி. ஆட்குறைப்புக் காலங்களில் நிர்வாகம் ஒப்புக்கொண்ட பணிமுடிவு என்ற ஏற்பாட்டை முன்வைக்கும். ஐ.நா. விதிமுறையின்படி வழக்கமான பணிமுடிவு ஈட்டுத்தொகையைவிட 50 சதவீதம் வரை கூடுதலாகத் தர அதில் இடமுண்டு. பதிலுக்கு முடிவை எதிர்க்கக் கூடாது. 2025 மார்ச்சில் யு.என்.80 என்ற ஐ.நா. சீரமைப்பு முயற்சி தொடங்கிய பிறகு இந்தக் கணக்கைப் பலர் போட்டுப் பார்க்கிறார்கள். ஓய்வுக்கு அருகில் இருப்பவருக்கு இது மோசமான பேரம் அல்ல. முப்பத்தைந்து வயதுக்காரர் கையெழுத்துப் போடும் முன் சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு முறை காட்டட்டும்.

## அந்த இருவருக்கும்

ஜெனீவா நண்பரே, உங்கள் கதவு சங்கம்தான். ஆனால் குறைக்கப்பட்ட படி இறங்கிய முதல் சம்பளச் சீட்டைப் பத்திரமாக எடுத்துவைத்து, உங்கள் அமைப்பின் உள்முறையீட்டுக் கெடு எத்தனை நாள் என்று இன்றே விதிப்புத்தகத்தில் பாருங்கள். சங்கத்துக்கு மனுதாரர்கள் தேவைப்படுவார்கள். கூட்டத்தில் கை தட்டுபவர்கள் ஏராளம் கிடைப்பார்கள், பெயர் கொடுப்பவர்கள்தான் கிடைப்பதில்லை.

நைரோபி நண்பரின் கணக்கு இறுக்கமானது. அக்டோபர் 14இலிருந்து 60 நாட்கள் என்றால் டிசம்பர் 13. அன்றுதான் மதிப்பாய்வு கேட்பது என்று வைத்துக்கொள்வோம். 45 நாள் பதில் ஜனவரி 27க்குப் போகும். ஒப்பந்தமோ டிசம்பர் 31 அன்று முடிந்திருக்கும். இடைவெளியை அடைக்க ஒரே கருவி முடிவை நிறுத்திவைக்கக் கோரும் மனு. முடிவு மேலோட்டமாகப் பார்த்தாலே சட்டவிரோதம், அவசரம், ஈடுசெய்ய முடியாத இழப்பு ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். தீர்ப்பாயம் அதை 5 வேலைநாட்களில் பரிசீலிக்கும். கிடைத்தாலும் மதிப்பாய்வு முடியும் வரைதான் அது நிற்கும். முடிவு நடைமுறைக்கு வந்த பிறகு நிறுத்திவைக்க எதுவும் இருக்காது. கடைசி நேரத்தில் அவசரத்தைக் காட்டினால், இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற கேள்வி வரும். டிசம்பர் இறுதியில் விடுமுறைகளும் உண்டு.

ஆகவே இந்த வாரமே புதுப்பிக்காததற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதிலுக்குக் காத்திராமல் சட்ட உதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். நவம்பர் முடிவதற்குள் மதிப்பாய்வு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குறைதீர்ப்பாளரை அதற்கு அடுத்த நாள் சந்திக்கலாம்.